அமில-கார டைட்ரேஷன்: முதல் கழுவலிலிருந்து கடைசிக் கணக்கு வரை

முதல் முறையாகப் பியூரெட்டை (அளவுக்கோடுகளும் அடியில் திருகும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாய்) பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறம் மாறும் நொடியைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை இமைக்காமல் குடுவையையே பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் விடை கெட்டுப்போனது பெரும்பாலும் அதற்கு அரை மணி நேரம் முன்பு, பாத்திரம் கழுவும்போதே. அதனால் இந்த வழிகாட்டியில் நிறமாற்றத்துக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நாம் செய்யப்போவது ஒரே வேலை. செறிவு தெரியாத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒன்று இருக்கிறது. அதன் செறிவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும்.

1. எதை எண்ணுகிறோம் என்று முதலில் தெளிவாகுங்கள்

அமிலம் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் ஹைட்ராக்சைடு அயனியைத் தருகிறது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து தண்ணீராகின்றன. இதுதான் நடுநிலையாக்கல்.

ஆகவே டைட்ரேஷன் என்பது எண்ணும் வேலை. குடுவையில் எத்தனை அமில அயனி இருக்கிறதோ, அத்தனை கார அயனி பியூரெட்டிலிருந்து இறங்கியதும் நிறுத்துகிறோம். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல், அதாவது மி.லி.க்கு 0.1 மில்லிமோல்) அமிலம் 20 மி.லி. எடுத்தால் அதில் 2 மில்லிமோல் அமிலம் இருக்கும். அந்த 2 மில்லிமோலோடு கூடுதலாக எதுவும் சேரக்கூடாது, அதிலிருந்து எதுவும் குறையவும் கூடாது.

இனி வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நான் இப்போது செய்வது அந்த எண்ணிக்கையை மாற்றுமா? மாற்றாது என்றால் கவலை வேண்டாம். மாற்றும் என்றால் அங்கேதான் கவனம் தேவை. விதிகளை மனப்பாடம் செய்தவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கேள்வியைப் பழகியவர்களுக்கு விதி தானாக வந்துவிடும்.

2. தேவையானவை

50 மி.லி. பியூரெட், 20 மி.லி. பிப்பெட் (அந்த அளவை மட்டும் உறிஞ்சி எடுக்கும் குழாய்), அதற்கு ரப்பர் பல்ப், 250 மி.லி. அளவுக்குடுவை, இரண்டு மூன்று கூம்புக் குடுவைகள், பீக்கர், சிறு புனல், பியூரெட் தாங்கி, வெள்ளை ஓடு அல்லது வெள்ளைத் தாள். நான்கு தசம இடம் காட்டும் தராசு. ஆக்சாலிக் அமிலப் படிகம், சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள், பினாப்தலீன் (எங்கே நிறுத்த வேண்டும் என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டி). கொதிக்கவைத்து ஆறவைத்த வாலை வடிநீர். ஏன் கொதிக்கவைக்க வேண்டும் என்பது நான்காவது படியில் வரும்.

பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடங்காதீர்கள். அமிலத்துக்குப் பயப்படுபவர்கள் காரத்தைச் சோப்புத் தண்ணீர் போல நடத்துவதைப் பார்க்கிறேன். கண்ணைப் பொறுத்தவரை சோடியம் ஹைட்ராக்சைடு மிக ஆபத்தானது, திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவதும் கூடாது. ஆக்சாலிக் அமிலம் நஞ்சு.

பயிற்சிக்காக அடர் அமிலத்தை நீங்களே நீர்க்கச் செய்வதாக இருந்தால், தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால், அந்தக் கொஞ்சத் தண்ணீர் எழும் வெப்பத்தில் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும்.

3. நம்பத்தக்க ஒரு கரைசலை முதலில் செய்யுங்கள்

தெரியாத ஒன்றை அளக்கத் தெரிந்த ஒன்று வேண்டும். அதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு ஆகாது. வில்லையைத் தராசில் வைத்ததுமே காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். நீங்கள் எடை பார்க்கும்போதே எடை ஏறிக்கொண்டிருக்கும். ஆக்சாலிக் அமிலப் படிகம் அப்படியில்லை. தூய்மையாகக் கிடைக்கும், எடை பார்க்கும் நேரத்தில் மாறாது.

0.05 மோலார் கரைசல் 250 மி.லி. செய்ய 1.5759 கிராம் வேண்டும். அந்த எண்ணையே தராசில் கொண்டுவர வேண்டும் என்று துகள் துகளாகப் போட்டு எடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். 1.5 முதல் 1.65 கிராமுக்குள் ஏதாவது எடுங்கள், எடுத்ததை நான்கு தசமத்துக்கு எழுதுங்கள். உதாரணமாக 1.5820 கிராம் எடுத்தால் செறிவு 0.0502 மோலார். கணக்குக்கு அது போதும்.

மோலார் நிறையில் (ஒரு மோலின் கிராம் எடை) வழுக்கிவிழும் இடம் ஒன்று இருக்கிறது. படிகத்தில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். அவற்றையும் சேர்த்தால் 126.07. நீரை விட்டுவிட்டு 90.03 என்று போட்டால் செறிவு 40 சதவீதம் அதிகமாகக் கணக்காகும். பாட்டில் லேபிளைப் படித்துவிட்டு எண்ணை எடுங்கள்.

எடுத்த படிகத்தைப் பீக்கரில் கரைத்து, புனல் வழியாக அளவுக்குடுவைக்கு மாற்றுங்கள். பீக்கரையும் கண்ணாடிக் கோலையும் புனலையும் மூன்று முறை வடிநீரால் அலசி, அந்த நீரையும் குடுவையிலேயே சேர்க்க வேண்டும். பீக்கர் சுவரில் தங்கினாலும் அது நாம் எடை போட்ட அமிலம்தானே. பிறகு கோடு வரை நிரப்புங்கள், கடைசி ஒரு மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக. கோட்டைத் தாண்டிவிட்டால் மேலே இருப்பதை உறிஞ்சி எடுத்துச் சரிக்கட்ட முடியாது. உறிஞ்சும்போது அமிலமும் சேர்ந்தே போகும். கொட்டிவிட்டுத் திரும்பச் செய்வதுதான் வழி.

அப்புறம் மூடியைப் போட்டு, தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, குறைந்தது பத்துப் பதினைந்து முறை கலக்குங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். கழுத்தில் கடைசியாக ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும். கலக்காமல் எடுத்தால் ஒவ்வொரு பிப்பெட்டிலும் ஒவ்வொரு செறிவு வரும்.

4. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்

ஏறத்தாழ 0.1 மோலார் போதும்: 500 மி.லி.க்கு 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இங்கே தராசில் துல்லியம் பார்ப்பதில் பயனில்லை. உண்மையான செறிவை ஆக்சாலிக் அமிலமே சொல்லப்போகிறது. வில்லைகளைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள், நன்றாகச் சூடாகும், ஆறவிடுங்கள். சூடான கரைசல் விரிந்திருக்கும் என்பதால் பருமன் தவறும்.

தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னதன் காரணம், அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை விரட்டுவது. அது காரத்தோடு சேர்ந்து கார்பனேட் ஆகும். பினாப்தலீன் நிறம் மாறும் கட்டத்தில் கார்பனேட் பாதி வேலைதான் செய்து முடித்திருக்கும், மெத்தில் ஆரஞ்சு மாறும் கட்டத்தில் முழுவதும் முடிந்திருக்கும். அதாவது ஒரே கரைசல் இரண்டு நிறங்காட்டிகளிடம் இரண்டு செறிவைக் காட்டும். இதைத் தவிர்க்க எளிய வழி: காரத்தின் செறிவைக் கண்டுபிடிக்க எந்த நிறங்காட்டியைப் பயன்படுத்தினீர்களோ, அதையே அடுத்த டைட்ரேஷனுக்கும் பயன்படுத்துங்கள்.

5. கழுவுதல்: எதை எதனால்

இதுதான் அதிகம் தவறும் இடம். எல்லாவற்றையும் முதலில் வடிநீரால் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் வித்தியாசம்.

பியூரெட்டை, அதில் ஊற்றப்போகும் காரக் கரைசலாலேயே இரண்டு முறை அலசுங்கள். ஒவ்வொரு முறையும் 5 மி.லி. போதும். சாய்த்து உருட்டிச் சுவர் முழுவதும் நனைத்து, அடியிலுள்ள திருகு வழியாகவே வெளியேற்றுங்கள். பியூரெட்டில் நாம் பருமனை மட்டும்தான் படிக்கிறோம், செறிவு மாறாமல் இருக்கும் என்று நம்பிக்கொண்டு. உள்ளே தண்ணீர் தங்கியிருந்தால் காரம் நீர்த்துப்போய் அந்த நம்பிக்கை பொய்யாகும்.

பிப்பெட்டையும் அப்படியே, அது எடுக்கப்போகும் அமிலக் கரைசலால் அலசுங்கள். காரணம் அதேதான்.

கூம்புக் குடுவையை வடிநீரால் மட்டும். இங்கேதான், "எல்லாவற்றையும் கரைசலால் அலச வேண்டும் போல" என்று நினைத்துக் குடுவையையும் அமிலத்தால் அலசிவிடுகிறார்கள். சுவரில் ஒட்டிய அந்த அமிலம், பிப்பெட் அளந்து கொடுத்த 20 மி.லி.யோடு கணக்கில்லாமல் சேர்ந்துவிடும். குடுவையில் தண்ணீர் தங்கியிருந்தால் பரவாயில்லையா என்று எல்லாரும் கேட்பார்கள். பரவாயில்லை. 2 மில்லிமோல் அமிலம் 20 மி.லி. நீரில் இருந்தாலும் 60 மி.லி. நீரில் இருந்தாலும் 2 மில்லிமோல்தான். முதல் படியில் சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப்பாருங்கள், விடை உடனே கிடைக்கும். அளவுக்குடுவைக்கும் இதே விடைதான்.

6. பியூரெட்டை நிரப்புதல்

பியூரெட்டைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புனல் வழியாகச் சுழிக் கோட்டுக்கு மேலே வரை நிரப்புங்கள்.

அடுத்து, திருகுக்குக் கீழே உள்ள மூக்கைப் பாருங்கள். அங்கே காற்றுக்குமிழி இருக்கும். திருகைச் சட்டென்று முழுவதும் திறந்து மூடினால் வேகத்தில் வெளியேறிவிடும். விட்டுவைத்தால், டைட்ரேஷன் நடுவில் அது வெளியேறி, அந்த இடத்தைக் கரைசல் நிரப்பும். குடுவையில் விழாத கரைசலும் விழுந்ததாகக் கணக்கில் ஏறும்.

பிறகு புனலை எடுத்துவிடுங்கள். காம்பில் தொங்கும் துளி நடுவில் விழுந்தால் பியூரெட்டில் மட்டம் ஏறும், நீங்கள் படிக்கும் அளவு குறையும்.

கரைசலின் மேற்பரப்பு வளைந்திருக்கும். அந்தப் பிறைதளத்தின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படியுங்கள். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அடிப்பகுதி கூர்மையாகத் தெரியும். பிரிவுகள் 0.1 மி.லி. என்றாலும் நடுவில் நிற்பதை 0.05 வரை மதிப்பிட்டு எழுதலாம். சரியாகச் சுழியில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றில்லை. 0.35-இல் நின்றால் 0.35 என்று எழுதுங்கள், கழித்துக்கொள்ளலாம்.

7. பிப்பெட்டால் எடுத்தல்

நுனியைக் கரைசலுக்குள் நன்றாக முக்கிவைத்து உறிஞ்சுங்கள். மேலோட்டமாக வைத்தால் மட்டம் இறங்கிக் காற்று புகுந்துவிடும். கோட்டுக்கு மேலே ஏற்றி, வெளிப்புறத்தைத் துடைத்து, பிறைதளம் கோட்டைத் தொடும் வரை மெதுவாக இறக்குங்கள்.

குடுவையில் விடும்போது நுனியைச் சுவரில் சாய்த்து, தானாக வடியவிடுங்கள். கடைசியில் நுனியில் கொஞ்சம் தங்கும். அதை ஊத வேண்டாம். அந்தத் துளி உள்ளேயே தங்கும் என்று கணக்கிட்டுத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

8. நிறங்காட்டி: எது, எவ்வளவு

பினாப்தலீன் பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.2-க்குக் கீழே நிறமற்றது, 10-ஐ நெருங்கும்போது ஆழ்ந்த இளஞ்சிவப்பு. நடுநிலை என்றால் 7 தானே, 8-க்கு மேல் மாறும் ஒன்றை ஏன் பயன்படுத்துகிறோம் என்ற சந்தேகம் நியாயமானது. விடை எண்களில் இருக்கிறது.

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி.யில் அதே செறிவுள்ள காரத்தை விடுகிறோம். 18 மி.லி. விட்ட பிறகும் பி.எச். 2.3 தான். 19.95-இல் 3.9. 20.05-இல் 10.1. ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. அதாவது இரண்டே சொட்டில் பி.எச். ஆறு அலகுக்கு மேல் தாவிவிடுகிறது. அந்தத் தாவலுக்குள் எங்கே நிறம் மாறினாலும் பிழை ஒரு சொட்டைத் தாண்டாது. அதனால் வலிய அமிலத்துக்கும் வலிய காரத்துக்கும் பினாப்தலீனும் பொருந்தும், 3.1 முதல் 4.4 வரை மாறும் மெத்தில் ஆரஞ்சும் ஏறக்குறையப் பொருந்தும்.

அசெட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த அமிலம் என்றால் கதை வேறு. அதே செறிவில் அதன் சமானநிலை (அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகும் இடம்) பி.எச். 8.7-க்கு அருகில் வருகிறது. அங்கே மெத்தில் ஆரஞ்சைப் போட்டால், 20 மி.லி. விட வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 6 மி.லி.யிலேயே முழு மஞ்சளாகிவிடும். ஆக்சாலிக் அமிலத்துக்கும் பினாப்தலீனே சரி. அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளக்கும்போது சமானநிலை 7-க்குக் கீழே விழும், அங்கே மெத்தில் சிவப்பு நல்லது. அமிலமும் காரமும் இரண்டுமே வலிமை குறைந்தவை என்றால் தாவலே இருக்காது. நிறங்காட்டியை நம்பி அதைச் செய்ய வேண்டாம்.

இரண்டு சொட்டு போதும். நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று பத்துச் சொட்டு விடுபவர்கள் உண்டு. நிறங்காட்டியும் ஒரு வலிமை குறைந்த அமிலம். அதுவும் காரத்தைச் செலவழிக்கும்.

9. சொட்டு விடுதல்

முதல் முறை தோராயமாகச் செய்யுங்கள். வேகமாக விட்டு, எத்தனை மி.லி.யில் மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். 19.6-இல் மாறினால், அடுத்த முறை 18.5 வரை தைரியமாக விடலாம், அதன் பிறகு சொட்டுச் சொட்டாக.

இடது கையால் திருகையும் வலது கையால் குடுவையையும் பிடித்துக்கொள்ளுங்கள். குடுவை ஓயாமல் சுழல வேண்டும். முடிவுநிலை (நிறம் மாறி நிற்கும் கட்டம்) நெருங்கும்போது, சொட்டு விழுந்த இடத்தில் ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி பூத்து, சுழற்றியதும் மறையும். முதலில் உடனே மறையும், பிறகு மறைய ஒரு சுற்று, இரண்டு சுற்று ஆகும். இந்தத் தயக்கம்தான் அறிகுறி. இங்கே நிறுத்தி, வடிநீரால் குடுவையின் உட்சுவரைக் கழுவிவிடுங்கள், ஒட்டியிருக்கும் அமிலமும் காரமும் உள்ளே வரட்டும். பிறகு ஒவ்வொரு சொட்டாக. அரைச் சொட்டு வேண்டுமானால், நுனியில் தொங்கவிட்டு, குடுவைச் சுவரில் தொட்டு எடுத்து, நீரால் கழுவி இறக்குங்கள்.

வெள்ளை ஓட்டின் மேல் வைத்துப் பார்த்தால், இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவைக்கும் அளவுக்கு வெளிறிய சிவப்பு, 30 நொடி நிலைத்தால் போதும். அடர்ந்த சிவப்பு அழகாக இருக்கும், ஆனால் அது தாண்டிவிட்டதன் அடையாளம்.

ஒரு நிமிடம் கழித்து நிறம் மங்கும். உடனே இன்னொரு சொட்டு விடுவார்கள், அதுவும் மங்கும், இன்னொன்று விடுவார்கள். அது முடிவுநிலை வராததால் நடப்பதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து பி.எச்.-ஐ 8.2-க்குக் கீழே இறக்குகிறது. 30 நொடி நின்றதா, அளவை எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

10. எத்தனை முறை

இரண்டு அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும் வரை. தோராய அளவீட்டைச் சராசரியில் சேர்க்காதீர்கள், அது வழிகாட்ட மட்டுமே. முதலில் ஆக்சாலிக் அமிலத்தோடு முடித்து, பிறகு பிப்பெட்டைக் கழுவி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசி, அதோடு செய்யுங்கள்.

11. கணக்கு

ஆக்சாலிக் அமிலம் 0.0502 மோலார், 20 மி.லி. எடுத்தோம்: 1.004 மில்லிமோல். ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனி தருவதால் 2.008 மில்லிமோல் காரம் தேவை. அதற்கு 19.40 மி.லி. செலவானது என்றால், 2.008-ஐ 19.40-ஆல் வகுக்க, காரத்தின் செறிவு 0.1035 மோலார்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி.க்கு 18.65 மி.லி. காரம் செலவானது. 0.1035-ஐ 18.65-ஆல் பெருக்க 1.930 மில்லிமோல். இங்கே ஒன்றுக்கு ஒன்று, ஆகவே அமிலமும் 1.930 மில்லிமோல். 20-ஆல் வகுத்தால் 0.0965 மோலார். மோலார் நிறை 36.46-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 3.52 கிராம்.

வாய்ப்பாட்டில் நேரடியாக எண்களைப் போடாமல் இப்படி மில்லிமோல் வழியாகப் போவதைப் பரிந்துரைக்கிறேன். இரண்டால் பெருக்க வேண்டியது எங்கே என்று கண்ணுக்குத் தெரியும்.

12. விடை தப்பினால் எங்கே தேடுவது

எண்கள் தப்பும் விதமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முதல் அளவீடு அதிகமாக வந்து, பியூரெட்டை நிரப்ப நிரப்ப இறங்கிக்கொண்டே வந்தால், பியூரெட்டில் தண்ணீர் தங்கியிருந்தது. முதலில் குறைவாக வந்து போகப்போக ஏறினால், பிப்பெட்டில் தண்ணீர் இருந்தது. ஏற்ற இறக்கம் ஒழுங்கில்லாமல் இருந்தால், குடுவையை அமிலத்தால் அலசினீர்களா, பிப்பெட்டை ஒருமுறை ஊதி ஒருமுறை ஊதாமல் விட்டீர்களா, அளவுக்குடுவையைக் கலக்கினீர்களா என்று பாருங்கள். ஒரே ஒரு அளவீடு மட்டும் அதிகம் என்றால் காற்றுக்குமிழியோ தாண்டிய சொட்டோதான். ஒன்று மட்டும் குறைவு என்றால் புனலைச் சந்தேகப்படுங்கள்.

எல்லா அளவீடுகளும் அழகாக ஒத்துவந்து, விடை மட்டும் தவறு என்றால் பியூரெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எடை பார்த்த குறிப்பையும், 126.07-ஐயும், இரண்டால் பெருக்கினீர்களா என்பதையும் திரும்பப் பாருங்கள். விடை சரியாகப் பாதியாகவோ இரண்டு மடங்காகவோ இருந்தால் கடைசியாகச் சொன்னதுதான் காரணம்.

13. எழுந்து போகும் முன்

பியூரெட்டில் காரத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கண்ணாடித் திருகு என்றால் மறுநாள் இறுகி ஒட்டிக்கொண்டு திரும்பாது. மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாமல் கழிவில் கொட்டி, வடிநீரால் மூன்று முறை அலசி, திருகைத் திறந்தபடி தலைகீழாகத் தாங்கியில் மாட்டுங்கள்.